கை பிடிக்க வந்த ஆள்

பாட்டு பாடறதுக்கு வாய் வேணும், தொண்டை வேணும், காது வேணும். கை எதுக்கு சார் வேணும்? நீங்களே சொல்லுங்க.

மன்னிச்சுக்கோங்க, பேர்கூடச் சொல்லாம ஆரம்பிச்சிட்டேன். என் பேரு சாலமன். பெரம்பூர்ல வீடு. ஆம்பூர் போறேன். நீங்க? வேலூரா, நல்லதாப் போச்சு. பஸ் அங்க போய்ச் சேர இன்னும் ரெண்டு மணி நேரத்துக்கு மேல இருக்கு. அந்தப் பேப்பரை மடிச்சு வைங்க சார், அதுல என்ன புதுசா இருந்துடப் போகுது. நான் சொல்றதைக் கேளுங்க. கேட்டுட்டு, என் மேல தப்பு இருந்தா முகத்துக்கு நேரா சொல்லிடுங்க. நான் அதெல்லாம் கோவிச்சுக்கற ஆள் இல்ல.

பரிதின்னு ஒரு பாடகர் இருக்கார். உங்க வீட்டுப் பிள்ளைங்களைக் கேட்டா சொல்லும். கிடாரைத் தோள்ல மாட்டிக்கிட்டு அவர் மேடையில ஒரு குதி குதிச்சார்னா கீழ பத்தாயிரம் பேர் குதிப்பாங்க. அந்த மேடை மொத்தமும் என் பொறுப்பு. பதினாலு வருஷமா நான்தான் ஸ்டேஜ் மேனேஜர். பாட்டு மட்டும்தான் அவரு, மத்ததெல்லாம் நான். யாரு எப்ப ஏறணும், எங்க நிக்கணும், எந்த லைட்டு எங்க விழணும், எவன் எப்ப இறங்கணும், எல்லாம் நான் சொல்லணும். நான் தலையாட்டாம அங்க ஒரு ஈ பறக்காது. எல்லாரும் என்னைப் பார்த்தா பயப்படுவாங்கன்னு சொல்லுவாங்க. பயமெல்லாம் இல்ல சார், மரியாதை.

ஆம்பூர்ல என் வீட்டுக்காரி இருக்கா. பியூலான்னு பேரு. அவங்க அண்ணன் வீட்டுல நாலு மாசமா இருக்கா. சண்டை கிண்டை ஒண்ணும் இல்ல. கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுக்கட்டுமேன்னு நானே விட்டு வச்சிருந்தேன். இன்னிக்குக் கூட்டிட்டு வரப் போறேன். கூட்டிட்டு வந்தே ஆகணும் சார். அவ வரலைன்னா என் பொழைப்பே போயிடும். எப்படின்னு சொல்றேன் இருங்க.

பரிதி தம்பி போன வருஷம் அயர்லாந்துக்கு ஒரு விழாவுக்குப் போயிட்டு வந்தார். வந்ததுல இருந்து ஒரே அந்த ஊர்ப் பேச்சு. அங்க பரம்பரையா வாசிக்கிற ஆளுங்க இருக்காங்களாம். வயலினு, மரத்துல செஞ்ச புல்லாங்குழலு, அப்புறம் இடுப்புல ஒரு தோல்பையைக் கட்டிக்கிட்டு முழங்கையால அமுக்கி அமுக்கி வாசிக்கிற ஒரு குழலு. "அண்ணே, அந்த ஊர்ல ராக் பாடறவங்க, பாப் பாடறவங்க, அத்தனை பெரிய ஆளுங்களும் இவங்களோட ஒண்ணா உக்காந்து பாடறாங்க. அந்தப் பழைய பாட்டும் கெடல, இவங்க பாட்டும் கெடல. நாம சென்னையில பண்ணுவோம்ணே" அப்படின்னார். பண்ணிடலாம் தம்பின்னேன். அவர் ஆசைப்பட்டு நான் எதைப் பண்ணாம விட்டேன்?

அஞ்சு பேர் வர்றதா லிஸ்ட் அனுப்பியிருந்தாங்க. மூணு பேருக்கு எதிர்ல அவங்கவங்க வாத்தியம் எழுதியிருந்துச்சு. நோரான்னு ஒரு அம்மா, அவங்க பேருக்கு எதிர்ல பாட்டுன்னு இருந்துச்சு. அஞ்சாவதா கோல்மன்னு ஒருத்தர். அவர் பேருக்கு எதிர்ல 'கை'ன்னு போட்டிருந்துச்சு. நானும் கைத்தாளம் போடறவர் போலிருக்குன்னு நினைச்சுக்கிட்டேன்.

வடபழனியில ஒரு ஹாலைப் பிடிச்சு மூணு நாள் ரிகர்சல். முதல் நாள் சும்மா சொல்லக் கூடாது சார், பின்னிட்டாங்க. அந்த வயலின்காரர் ஒரே மெட்டைத் திருப்பித் திருப்பி வாசிக்கிறார், ஒவ்வொரு சுத்துக்கும் சூடு ஏறுது. நம்ம டிரம்மர் ஜெயசிங் யாரையும் லேசுல மதிக்க மாட்டான், அவனே சட்டையைக் கழட்டிப் போட்டுட்டு வாசிச்சான். பரிதி தம்பிக்குக் கண்ணுல தண்ணி. சரி, நல்லா போயிடும்னு நான் லைட்டுக்குக் குறிப்பு எழுத ஆரம்பிச்சேன்.

அப்புறம் நோரா அம்மா பாட்டு. அவங்களுக்கு ஐம்பத்தஞ்சு வயசு இருக்கும். ஊர்ல தபாலாபீஸ்ல வேலை. மேக்கப் இல்ல, ஒண்ணும் இல்ல, ஒரு கம்பளிச் சட்டையை மாட்டிக்கிட்டு நம்ம வெயில்ல வந்து நிக்கிறாங்க. படகு கவுந்து மூணு அண்ணன் தம்பி செத்துப் போயிடறாங்க, கரையில நிக்கிற தங்கச்சி பாடறா, அந்த மாதிரிப் பாட்டு. அவங்க நாலு அடி பாடினா தம்பி நடுவுல தமிழ்ல ரெண்டு அடி பாடணும். அதுதான் ஏற்பாடு.

எங்க மேடையில எல்லாரும் காதுல ஒண்ணு மாட்டியிருப்பாங்க சார். அதுல டிக் டிக்னு கணக்கு ஓடிக்கிட்டே இருக்கும். பின்னாடி ஸ்க்ரீன்ல ஓடற படம், லைட்டு, புகை, எல்லாமே அந்தக் கணக்குக்குத்தான் நடக்கும். அந்த அம்மாகிட்ட அதைக் குடுத்தேன். ரெண்டு நிமிஷம் காதுல வச்சிருந்தாங்க. கழட்டிக் கைக்குட்டையில சுத்தி நாற்காலி மேல வச்சுட்டாங்க. அவங்க பாட்டுக்குத் தாளமே கிடையாதாம். மூச்சு எங்க போகுதோ அங்க பாட்டு போகுமாம்.

அதையாவது பொறுத்துக்கலாம். அந்த கோல்மன் எழுந்து வந்தார் பாருங்க. நெட்டையா, காது சிவந்து போய், கல்யாணத்துக்குத் தைச்ச கோட்டு மாதிரி ஒண்ணைப் போட்டுக்கிட்டு. நாற்காலியை இழுத்து அந்த அம்மா பக்கத்துல போட்டு உக்காந்தார். அவங்க வலது கையை எடுத்துத் தன் கைக்குள்ள வச்சுக்கிட்டார். அந்த அம்மா கண்ணை மூடிப் பாட ஆரம்பிச்சாங்க. இவர் அந்தக் கையை மெதுவா சுத்தறார் சார். ஆட்டுக்கல்லுல மாவாட்டற மாதிரி. பாட்டு இழுத்தா இவரும் மெதுவா சுத்தறார், பாட்டு ஏறினா இவரும் கொஞ்சம் வேகமா சுத்தறார். அவ்வளவுதான் அந்த மனுஷனோட வேலை. அதுக்கு ஒருத்தர் கடல் தாண்டி வந்திருக்கார்!

எங்க பசங்க சிரிப்பை அடக்க முடியாம வெளிய ஓடினாங்க. அன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள அவருக்கு கிரைண்டர்னு பேர் வச்சாச்சு. "கிரைண்டர் வந்தாச்சு, உளுந்தை எடுத்துட்டு வாங்கடா" அப்படின்னு ஒருத்தன் சொல்லுவான், இன்னொருத்தன் கையைச் சுத்திக் காட்டுவான். அவருக்கு என்ன புரிஞ்சுதோ, எங்களோட சேர்ந்து அவரும் சிரிப்பார். அவரும் தன் கையைச் சுத்திக் காட்டுவார். நான் ஒண்ணும் சொல்லலை. வேலை செய்யற இடத்துல கொஞ்சம் கலகலப்பு இருந்தாத்தான் நல்லது.

அவங்க புருஷனான்னு கேட்டேன். இல்லையாம். அண்ணன் தம்பியான்னு கேட்டேன். அதுவும் இல்லையாம். பக்கத்து வீட்டுக்காரராம், மீன் பிடிக்கறவராம். முப்பது வருஷமா இந்த அம்மா எங்க பாடினாலும் இவர்தான் கையைப் பிடிக்கிறாராம். எப்படி இருக்கு சார் கதை? நம்ம தெருவுல இப்படி ஒருத்தி பக்கத்து வீட்டுக்காரன் கையைப் பிடிச்சுக்கிட்டுப் பாடினா நாம சும்மா இருப்போமா?

எதுக்கு இந்தக் கைன்னு தம்பியை விட்டே கேக்கச் சொன்னேன். அந்த அம்மா சிரிச்சுக்கிட்டே ஏதோ சொன்னாங்க. தம்பி எனக்குச் சொன்னார்: "இந்தப் பாட்டுக்குள்ள தனியா போகக் கூடாதாம்ணே. செத்தவங்க இருக்கற இடத்துக்குப் போயிட்டு வர்ற பாட்டாம். திரும்பி வர்றதுக்கு ஒருத்தர் கை வேணுமாம். அவங்க ஊர்ல கேக்கறவங்க யாராவது ஒருத்தர் எழுந்து வந்து பிடிச்சுக்குவாங்களாம்."

பதினாலு வருஷமா எத்தனை கிறுக்கைப் பார்த்திருக்கேன். ஒருத்தர் எலுமிச்சம்பழத்தைப் பாக்கெட்ல வச்சுக்குவார், ஒருத்தி இடது காலைத்தான் முதல்ல வைப்பா. அந்த மாதிரி இதுவும் ஒண்ணுன்னு நான் மனசுல வச்சுக்கிட்டேன்.

ரெண்டாம் நாள்தான் வினை ஆரம்பிச்சுது. என் வீட்டுக்காரியும் அந்தக் குழுவுல இருக்கா, சொல்ல மறந்துட்டேன். கோரஸ் பாடுவா. பின்வரிசையில மூணாவது ஆள். கல்யாணத்துக்கு முன்னாடி அவ மெல்லிசைக் குழுவுல தனியா மைக்கைப் பிடிச்சுப் பாடினவதான், ஆம்பூர் வாணியம்பாடி பக்கமெல்லாம் நல்ல பேரு. எனக்கு அது பிடிக்கலை. தனியா நிக்கிறவளைத்தானே எல்லாரும் பார்ப்பாங்க? கோரஸ்னா யார் பாடறாங்கன்னே தெரியாது. பாதுகாப்பு. எட்டு வருஷமா என் கண்ணு பார்வையில வச்சிருக்கேன். எத்தனை பொம்பளைங்களுக்கு சார் இந்த மாதிரிப் புருஷன் கிடைப்பான்?

டீ நேரத்துல நான் வெளிய போன் பேசிட்டு வர்றேன். பசங்கெல்லாம் ஒரே பக்கமா பார்த்துக்கிட்டு நிக்கிறாங்க. கோல்மன் நாற்காலியில என் வீட்டுக்காரி உக்காந்திருக்கா. அந்த அம்மா பாடறாங்க, இவ கையைச் சுத்தறா. கிரைண்டர் பக்கத்துல நின்னு இன்னும் மெதுவா, இன்னும் மெதுவான்னு காட்டிக் குடுக்கறார். சரி, பொழுதுபோக்குன்னு விட்டேன். அந்த அம்மா முடிச்சதும் கையை மாத்திப் பிடிச்சாங்க. நீ பாடுன்னு இவகிட்ட சொல்றாங்க. இவளும் பாடிட்டா. அவங்க அம்மா இவளைத் தூங்க வைக்கப் பாடின தாலாட்டு, நாலே அடி. எனக்கே அது இவகிட்ட இருக்குன்னு தெரியாது. பரிதி தம்பி டீ கிளாஸைக் கையில வச்சுக்கிட்டு அப்படியே நிக்கிறார். "அண்ணே, அண்ணிக்கு இப்படி ஒரு குரலா? எட்டு வருஷமா பின்னாடி நிக்க வச்சிருக்கீங்களே! அந்தத் தமிழ் அடியை அண்ணியே பாடட்டும்ணே" அப்படின்னார்.

நான் ஒரு நொடிகூட யோசிக்கலை. "அவளுக்குத் தொண்டையில கோளாறு தம்பி, தனியா பாடினா ரத்தம் வரும்னு டாக்டர் சொல்லியிருக்கார்" அப்படின்னேன்.

பொய்தான். நல்லதுக்குச் சொன்ன பொய். பியூலா என்னைப் பார்த்தா. அவ எதிர்த்துப் பேச மாட்டா சார், நல்ல பொண்ணு. வீட்டுக்குப் போனதும் லேசா கண்டிச்சேன். அடுத்தவ கையைப் பிடிச்சுக்கிட்டுப் பாடற பழக்கமெல்லாம் நம்ம குடும்பத்துக்கு வேணாம்னு சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். அந்தத் தட்டு அதுவா கீழ விழுந்துச்சு.

அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், மேடையில அந்தக் கை வரக் கூடாதுன்னு. கோபத்துல இல்ல, தொழில் கணக்குல சொல்றேன். அந்த அம்மாவுக்கு ஆறடி உசரத்துல தனியா ஒரு மேடை போட்டிருக்கேன். சுத்தியும் இருட்டு, நடுவுல ஒரே ஒரு வெளிச்சம், மேல பறக்கற கேமரா. அந்த அழகுல போய் கிரைண்டர் நாற்காலி போட்டு உக்காந்து மாவாட்டினா நல்லா இருக்குமா? தம்பிகிட்ட கேட்டா விட்டுடுங்கண்ணேம்பார். அதனால கேக்கலை.

எங்க நிகழ்ச்சியில மணிக்கட்டுல ஒரு பட்டை கட்டுவோம். சிவப்புன்னா மேடைக்கு வரலாம். பச்சைன்னா முன்வரிசை சோபா வரைக்கும்தான். நானே என் கையால கோல்மனுக்குப் பச்சைப் பட்டையைக் கட்டினேன். அவருக்கு அந்த நிறமெல்லாம் தெரியாது. நல்லா இறுக்கிக் கட்டினதுக்கு எனக்கு நன்றி சொன்னார். வாலன்டியரை விட்டு சோபாவுல உக்கார வச்சு, குடிக்க இளநீர் குடுக்கச் சொன்னேன். நேரம் வந்தா கூப்பிடுவாங்கன்னு நம்பி அவர் உக்காந்திருந்தார். ஒரு குறையும் வைக்கலை.

ஏழாவது பாட்டு. லைட்டெல்லாம் அணைஞ்சுது. நோரா அம்மாவை நான்தான் ஏணியில கைகாட்டி ஏத்தி விட்டேன். "கோல்மன்?" அப்படின்னாங்க. வர்றார், வர்றார்னேன். ஏறிட்டாங்க. நான் ஏணியை எடுக்கச் சொல்லிட்டேன், கேமராவுல தெரியும்ல. தம்பி எதிர் ஓரத்து இருட்டுல தன் அடிக்காகக் காத்து நின்னார். வெளிச்சம் விழுந்துச்சு. அவங்க கண்ணை மூடிக்கிட்டு, வலது கையைப் பக்கவாட்டுல நீட்டினாங்க. விரலெல்லாம் விரிச்சு, உள்ளங்கை மேல பார்க்க.

யாரும் வரலை.

அவங்க காத்திருந்தாங்க சார். நாப்பது செகண்ட். மேடையில நாப்பது செகண்ட் எவ்வளவு நேரம்னு உங்களுக்குத் தெரியாது. முதல்ல கூட்டம் அமைதியா இருந்துச்சு. அப்புறம் ஒருத்தன் விசில் அடிச்சான். "பாடு ஆயா" அப்படின்னு ஒரு குரல், எல்லாரும் சிரிச்சாங்க. அவங்க கண்ணைத் திறந்து பக்கத்துல பார்த்தாங்க. கீழ பார்த்தாங்க. நீட்டின கையை மட்டும் இறக்கலை. நான் பாடச் சொல்லி ஓரத்துல இருந்து சைகை காட்டறேன், பார்க்கவே மாட்டேங்குறாங்க. ஒரு மனுஷிக்கு இவ்வளவு பிடிவாதம் ஆகாது சார். வாயைத் திறந்து பாடிட்டா முடிஞ்சுது, யாரு தடுத்தா?

அந்தப் பக்கம் கிரைண்டர் எழுந்துட்டார். தடுப்புக்கிட்ட வந்து பட்டையைக் காட்டறார். காவலுக்கு நின்னவன் பச்சை போகக் கூடாதுன்னுட்டான். இவர் ஏற முயற்சி பண்ணியிருக்கார். அந்த வயசுல எதுக்கு அதெல்லாம்? அவன் ஒரு தள்ளு தள்ளினான், கம்பியில முட்டி இடிச்சு விழுந்தார். கீழ கிடந்தபடியே அந்த அம்மா பேரைச் சொல்லிக் கத்தினார்னு பசங்க சொன்னாங்க. அந்தச் சத்தத்துல யாருக்குக் கேக்கும்?

இந்தப் பக்கம் பார்த்தா பின்வரிசையில இருந்து என் வீட்டுக்காரி இறங்கி ஓடி வர்றா. பத்தாயிரம் பேர் முன்னாடி, நான் உத்தரவு குடுக்காம! ஏணியைத் தானே இழுத்துப் போட்டா. நான் ஓரத்துல வழியை மறிச்சு அவ கையைப் பிடிச்சேன். "விடுங்க, அவங்க தனியா நிக்கிறாங்க, விடுங்க"ன்னா. அவ என்கிட்ட அந்த மாதிரிக் குரல்ல பேசி நான் கேட்டதே இல்ல. பிடிச்ச பிடியை விடலை. இன்னொரு கையால வயர்லெஸ்ஸை எடுத்து சவுண்டுக்காரனுக்குச் சொன்னேன், ரிகர்சல்ல பதிவு பண்ணினதைப் போடுடான்னு.

போட்டான். என்ன துல்லியமா இருந்துச்சு தெரியுமா! அந்த அம்மாவோட குரலே அத்தனை ஸ்பீக்கர்லயும் வருது, அவங்க வாய் மூடி இருக்கு, கை நீட்டினபடி இருக்கு. தன் குரலைத் தானே நின்னு கேட்டாங்க. முழுப் பாட்டும், ஆறு நிமிஷம். முடிஞ்சதும் கூட்டம் எழுந்து நின்னு கைதட்டுச்சு. அந்தக் கை நீட்டினதை ஏதோ புதுமைன்னு நினைச்சுக்கிட்டாங்க. மறுநாள் பார்த்தா காலேஜ் பசங்கெல்லாம் மொட்டைமாடியில கையை நீட்டி நின்னு வீடியோ போட்டிருக்காங்க, லட்சக்கணக்குல பார்த்திருக்காங்க. பத்திரிகைக்காரங்க அதை எழுதினாங்க. யோசனை யாரோடது? ஆனா யாரும் சாலமன்னு ஒரு வார்த்தை எழுதலை. அது எனக்கு வருத்தம்தான்.

இறங்கினதும் அந்த அம்மா என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க, கோல்மன் எங்கன்னு. ஹோட்டலுக்குக் கிளம்பிப் போயிட்டார்னு சொன்னேன். முதலுதவிக் கூடாரத்துல முட்டியில கட்டு போட்டுட்டு இருந்தார். அப்ப போய் அதைச் சொன்னா இன்னும் ரகளை ஆகும்ல? அவங்க அதைக் கேட்டுட்டு நீட்டியிருந்த கையை இன்னொரு கையால பிடிச்சு, மெதுவா கீழ இறக்கி வச்சுக்கிட்டாங்க. அப்படியே போயிட்டாங்க. தம்பி கூட நின்னு ஒரு போட்டோகூட எடுத்துக்கலை. அந்த ஊர்க்காரங்களுக்கு நன்றி காட்டற பழக்கம் இல்ல போலிருக்கு.

அந்த வாரமே பியூலா ஆம்பூர் போயிட்டா. மணிக்கட்டுல மாவுக்கட்டு. வீட்டுப் படியில வழுக்கி விழுந்துட்டா. டாக்டர்கிட்டயும் அப்படித்தான் சொன்னோம்.

நாலு மாசமா அந்த ஊர்க்காரங்ககிட்ட இருந்து ஒரு பேச்சும் இல்ல. போன வாரம் அயர்லாந்துல இருந்து தம்பிக்குக் கடிதம் வந்திருக்கு. நோரா அம்மா எழுதியிருக்காங்க. அன்னிக்குப் பாடாத பாட்டை இப்ப பாடறாங்களாம், தம்பியோட சேர்ந்தே பதிவு பண்ணலாமாம், அவங்க ஊர்லயே. ஆனா அன்னிக்கு மேடையை நோக்கி ஓடி வந்த பொண்ணு வரணுமாம். அவதான் தமிழ் அடி பாடணுமாம். அந்த இருட்டுலயும் கவனிச்சிருக்காங்க பாருங்க. தம்பி என்னைக் கூப்பிட்டு, "அண்ணியைக் கூட்டிட்டு வாங்கண்ணே. அண்ணி வந்தாத்தான் இது நடக்கும்" அப்படின்னார். முன்ன மாதிரி முகம் குடுத்துப் பேசலை. இந்த நாலு மாசமா அப்படித்தான், என் வேலையைப் பாதி வேற ஒருத்தன் பார்க்கறான். நான் சொன்னேன், இது என்ன பெரிய விஷயம், என் பொண்டாட்டி நான் கூப்பிட்டா வருவான்னு. அவ பக்கத்துல நான் நிக்காம அவளால பாட முடியாது சார். நானும்தான் போகணும். அயர்லாந்துல குளிராமே, ஸ்வெட்டர்கூட வாங்கி வச்சிட்டேன்.

இருங்க சார், போன் அடிக்குது. தம்பிதான். பாருங்க, நான் இல்லாம ஒரு நாள் ஓடாது அவருக்கு.

சொல்லுங்க தம்பி. ஆமா, பஸ்லதான். ஆற்காடு தாண்டிட்டேன். மத்தியானத்துக்குள்ள அண்ணியைக் கூட்டிக்கிட்டு... என்ன? எங்க இருக்கா? உங்க ஆபீஸ்லயா? எப்ப வந்தா? அவ அண்ணன்கூடவா? ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டுட்டாளா! என்னைக் கேக்காம அவ எப்படித் தம்பி போடுவா? அவளுக்கு ஒண்ணும் தெரியாது தம்பி, போனை அவகிட்ட குடுங்க. பேச மாட்டாளாமா? சரி, நான் திரும்பி வர்றேன், வந்து பேசிக்கறேன். ஏன் வரக் கூடாது? அவ போட்ட நிபந்தனையா? நான் வந்தா அவ போக மாட்டாளாமா? தம்பி, பதினாலு வருஷம் தம்பி. யாரு சொன்னா? தொண்டைக்கு சர்ட்டிபிகேட்டா? எக்ஸ்ரேயா? அதெல்லாம் படியில... தம்பி? தம்பி?

சிக்னல் போயிடுச்சு சார். இந்த இடத்துல எப்பவும் இப்படித்தான் கட் ஆகும்.

ஒண்ணும் இல்ல, சின்னக் குழப்பம். அவ அண்ணன் தூண்டி விட்டிருக்கான். தொண்டையில கோளாறே இல்லைன்னு டாக்டர் சர்ட்டிபிகேட்டைக் கொண்டு போய்க் காட்டியிருக்கா. கை எக்ஸ்ரேயையும் காட்டியிருக்கா. விழுந்து உடைஞ்சா ஒரு மாதிரி இருக்குமாம், முறுக்கி உடைஞ்சா வேற மாதிரி இருக்குமாம். என்னத்தைப் படிச்சானுங்களோ. நான் முறுக்கினேனா? பிடிச்சேன். அவ திமிறினா. திமிறினா யாருக்கா இருந்தாலும் அப்படித்தான் ஆகும். அதுவும் ஆறு நிமிஷப் பாட்டு, முடியற வரைக்கும் பிடிச்சிருக்கணுமா இல்லையா? நடுவுல டக்குனு ஒரு சத்தம் கேட்டுச்சு, நான் வயர்லெஸ்ஸுன்னு நினைச்சுட்டேன். அவ கத்தக்கூட இல்ல சார். வலிச்சிருந்தா கத்தியிருக்க மாட்டாளா?

இதுக்குப் போய் பதினாலு வருஷ மனுஷனை வேணாம்பாங்களா? நீங்க சொல்லுங்க. யாரோ ஒரு பக்கத்து வீட்டுக்காரன் பிடிச்சா அது கலை. சொந்தப் புருஷன் பிடிச்சா குத்தம். அப்படித்தானே?

எங்க சார் எழுந்திரிக்கறீங்க? வேலூர் வர இன்னும் அரை மணி நேரம் இருக்கு. அந்த சீட்டுல வெயில் அடிக்கும், இங்கயே இருங்க. நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லலை. உக்காருங்க. உக்காருங்கன்னு சொல்றேன்ல.

அட, ஏன் சார் முகத்தைச் சுளிக்கறீங்க? லேசாத்தானே பிடிச்சிருக்கேன்.